செம்புறாங்கல் பூமியில் ஒரு சோலை

நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்றான கைலாசநாதர் கோயில் இருக்கும் ஊர் இளையாத்தங்குடி. அந்த ஊரை உள்ளடக்கிய செட்டிநாட்டுச் சீமையில் பல இடங்களில் வீட்டுக் கொல்லையில் கடப்பாரையை இறக்கினால், அரை அடி, ஒரு அடி வரை சிவப்புச் சரளை வரும். அதற்குக் கீழே ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். அதுதான் செம்புறாங்கல். “இந்த மண்ணில் என்னங்க வரும்?” என்று கொல்லையைச் சும்மா போட்டுவிட்டு, வாசலில் நாலு தொட்டி வைத்துத் திருப்திப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

மண் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. வெயிலும் மழையும் மாறி மாறி லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையைத் தின்றபோது, சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் கரைந்து ஓடிவிட்டன. கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிட்டன. சிவப்பு நிறம் இரும்பின் துரு. இத்தகைய மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது, சத்துகளைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. போதாக்குறைக்கு, போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணில் சத்து இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. உரக்கடை மூட்டையை மட்டும் நம்பினால் இங்கே காசுதான் கரையும்.

இதே போன்ற மண்ணில் பெரிய அளவில் சோலை எழுந்த இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1968-ல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் தொடங்கியபோது அது ஏறக்குறைய மரமில்லாத செம்மண் மேடு. பெய்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைகள் வழியே கடலுக்குப் போனது. அங்கே குடியேறியவர்கள் கன்றுகளோடு சேர்த்து வரப்பும் கட்டினார்கள். ஓடைகளில் சிறு தடுப்பணைகள் போட்டார்கள். முதலில் காய்ந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் கத்திக்கருவேல் போன்ற மரங்களை வளர்த்தார்கள். அவற்றின் நிழலும் சருகும் மண்ணைத் தேற்றிய பிறகு, அந்தக் கரையோரப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் வேர் பிடித்தன. முதலில் நீர், பிறகு நிழல், கடைசியாக ஆசைப்பட்ட மரம் என்ற இந்த வரிசை ஐந்து சென்ட் கொல்லைக்கும் பொருந்தும்.

நீர்க்கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். ஆக, ஒரு கூரை மட்டுமே வருடத்துக்கு 80,000 லிட்டருக்கு மேல் தருகிறது. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரியும். ஓட்டுக்கூரை நீரை முற்றத்தில் இறக்கிப் பாத்திரங்களில் பிடித்தார்கள். மிச்சம் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போனது. இன்று கொல்லை முழுக்க சிமென்ட் போட்டு அத்தனையையும் தெருவுக்கு அனுப்புகிறோம்.

ஆடி, ஆவணியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றிக் கவனியுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் பாறைப்படலம் இருக்கிறது. கடப்பாரையால் உடைக்க வேண்டும்; முடியாவிட்டால் மேட்டுப்பாத்தி போட வேண்டும். கால் மணி நேரத்தில் காணாமல் போனால் மண்ணுக்குத் தொழுவுரமும் மட்கும் ஏராளமாகத் தேவை.

புரட்டாசியில் முதல் மழை கிடைத்ததும் சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, எள், கம்பு எல்லாவற்றையும் கலந்து கொல்லை முழுக்கத் தூவுங்கள். இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்பு இது. பயறுவகைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. பூக்கும் தறுவாயில் அறுத்து மடக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் இலையில் இருக்கும் சத்து விதைக்குப் போய்விடும், தண்டும் மரத்துப்போகும்.

இப்படி மட்கிய தழை மணிச்சத்துப் பூட்டையும் தளர்த்துகிறது. மட்கும்போது வரும் கரிம அமிலங்கள் இரும்பின் பிடியை நெகிழ்த்துகின்றன. வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணங்கள் நூலிழை போல் நீண்டு, வேர் எட்டாத தூரத்திலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன.

மட்காத தென்னைநார்க் கழிவை நேராக மண்ணில் கொட்டக் கூடாது. அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ள, செடி மஞ்சளாகிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 என இறங்குகிறது. பிறகு அது நல்ல உரம்.

ஐப்பசியில் நடவு. பாலித்தீன் பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிய வேரைக் கத்தரிக்காமல் நட்டால், அது குழிக்குள்ளும் சுற்றிக்கொண்டே கிடக்கும். இந்த மண்ணுக்கு முருங்கை, சீத்தா, நெல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை நன்றாக ஒத்துப்போகும். பூவுக்கு அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, வெட்சி. வேம்பு போன்ற பெருமரங்களைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தை பிறந்ததும் மூடாக்கு. சித்திரை வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேல்வேரும் நுண்ணுயிரும் தாங்காது. மூன்று, நான்கு அங்குலத்துக்குச் சருகு பரப்பினால் சூடு தணியும், ஈரமும் தங்கும். இங்கே கறையான் தொல்லை உண்டென்பதால், சருகு தண்டையும் வீட்டுச் சுவரையும் தொடாமல் இடைவெளி விடுங்கள். கூட்டிய சருகை எரிக்கும் பழக்கத்தை விட்டாலே மூடாக்குக்குப் பாதி கிடைத்துவிடும்.

கொல்லையைச் சோலையாக்க நினைத்தால், முதல் வருடம் நாற்றுப்பண்ணைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை மண்ணுக்கும், கூரைநீரைக் கொல்லைக்குத் திருப்பும் குழாய்க்கும் செலவிடுங்கள். மண் தேறிவிட்டால் கன்று பிழைக்கும். மண் தேறாமல் வருடாவருடம் கன்று வாங்குவது வீண் செலவு.