ஊர் திரண்டது, ஆலை பணிந்தது!

தர்மபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே தியாகி சுப்பிரமணிய சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது.

சிவா யார்? ஒரு நகரத்து மக்கள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்று காட்டியவர்களில் ஒருவர். அது நடந்த இடம் தூத்துக்குடி. ஆண்டு 1908.

ஓட்டு இல்லாதவர்கள்

தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில் இருந்தது. கூலி குறைவு; வேலை நேரமோ அதிகம். வார விடுமுறை கிடையாது.

அந்தக் காலத்தில் நகரசபைக்கு ஓட்டுப் போடும் உரிமை வரி கட்டும் சிலருக்குத்தான். தொழிலாளி தன் குறையை யாரிடம் சொல்வான்?

கூட்டத்தில் சொன்னான்! வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் தினமும் பேசினார்கள். மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள். பிப்ரவரி 27-ந் தேதி ஆலையில் வேலை நிறுத்தம் தொடங்கியது.

பாதியில் நின்ற சவரம்

தொழிலாளரின் சாப்பாட்டுக்காக ஊரில் நிதி திரட்டினார்கள். வேலை நிறுத்தத்தைக் குறை கூறிய ஒரு வக்கீலுக்கு, நாவிதர் சவரத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வார்கள்.

சில நாட்களில் ஆலை நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

துப்பாக்கிச் சூடு

அரசாங்கம் சும்மா இருக்குமா? மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. நகரசபை அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். போலீசார் சுட்டதில் 4 பேர் மாண்டனர்.

சிறை சென்ற சிவா 1912-ல் விடுதலையானார். உடலில் தொழுநோய்! ரெயிலில் ஏற அவருக்குத் தடை. கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோவில் கட்ட முயன்றார். அங்கேயே 1925 ஜூலை 23-ந் தேதி, 40-வது வயதில் காலமானார்.

இன்று நம் கையில்

இன்று 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு உண்டு. 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூடின. குடிநீர், சாக்கடை, தெரு விளக்கு பற்றி மக்கள் எழுந்து பேசினார்கள்.

அன்று இப்படிக் கூடிப் பேசியதற்குச் சிறை. இன்று அதற்குச் சட்டமே இடம் தருகிறது. உங்கள் வார்டில் கூட்டம் நடந்தால் நீங்களும் போவீர்கள் அல்லவா?