ஒரு சென்டிமீட்டர் செய்யும் குறும்பு

மாதேஸ்வரன் மலையின் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப, பின்சீட்டுக் கூட்டம் “உகே மாதப்பா!” என்று முழங்குகிறது. எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருக்கிறது, காரணம் மட்டும் வேறு. சற்றுமுன் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோமே, அதன் கீழே ஓடும் தண்ணீர் ஒரு பெரிய கணக்கைக் கலக்கி விளையாடும் கள்ளன்!

எந்தக் கணக்கு? காலையில் பல் துலக்கியபடி நாம் கேட்கும் அந்த ஒற்றை வரிதான்: மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. டெல்டாவே காது கொடுத்துக் கேட்கும் வரி. ஆனால் அந்த எண்ணை நேராகக் காட்டும் மீட்டர் என்று ஒன்றுமே கிடையாது. வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம்.

காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் நமக்குச் சொன்ன ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி.யை எண்ணுகிற இடமும் அதுதான். இம்மாதிரி நிலையங்களில் ஆற்றைக் குறுக்கே பத்தி பத்தியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பத்தியிலும் கரண்ட் மீட்டரை இறக்கினால் அதன் குட்டிக் கிண்ணங்கள் ராட்டினமாய்ச் சுற்றும். சுற்றுகளை எண்ணினால் வேகம் கிடைக்கும். பத்திக்குப் பத்தி அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டியதுதான். பல மட்டங்களில் இப்படி அளந்து ஒரு வளைகோடு போட்டுவிட்டால், பிறகு நீர்மட்டத்தைப் பார்த்தே வரத்தைச் சொல்லிவிடலாம். வெள்ளம் வந்து ஆற்றுப்படுகையை அரித்துவிட்டதோ, கோடு பொய்யாகிவிடும். மறுபடி ராட்டினம்!

இதில் நம் பாலாறு வேறு. இந்த மலையில் கொட்டும் மழை அதன் வழியாக, பிலிகுண்டுலு பக்கமே எட்டிப் பார்க்காமல் மேட்டூருக்குள் நுழைந்துவிடும். ஆகவே அணைக்கட்டில் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஏறிய இருப்பு, திறந்துவிட்ட நீர், ஆவியானது எல்லாவற்றையும் கூட்டினால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். தண்ணீர் மாயமாக மறைய முடியாது. 1934-இல் அணை திறந்தபோதும் இதே இயற்பியல்தான்.

இப்போது எனக்குத் தலை சுற்றும் இடம். 120 அடி நிரம்பி நிற்கும் மேட்டூரின் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். காற்று ஒரு பக்கமாக அடித்து, நீர்மட்டம் அளக்கும் சென்சார் இருக்கும் மூலையில் தண்ணீரை ஒரே ஒரு சென்டிமீட்டர் ஒதுக்கித் தள்ளுகிறது. சென்சாருக்கு ஏரியே ஏறியதாகத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: 5.4 கோடி கன அடி! அதை ஒரு மணி நேரத்துக்கு வகுத்தால் விநாடிக்கு 15,000 கன அடி. வெறும் காற்று பெற்றெடுத்த கற்பனைக் காவிரி!

சரி, யாரை நம்புவது? 1960-இல் ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கர் ருடால்ஃப் கால்மன் ஒரு வழி சொன்னார். அப்பல்லோ விண்கலமும் அதை வைத்துத்தான் நிலவுக்கு வழி பார்த்தது. இயற்பியல் ஓர் ஊகம் சொல்லட்டும், சென்சார் ஓர் அளவு சொல்லட்டும். யாருடைய பேச்சில் சந்தேகம் குறைவோ அவர் பக்கம் கூடுதலாகச் சாய்ந்துகொள். கல்யாண வீட்டுச் சண்டையில் பாட்டி விசாரிப்பாளே, அச்சு அசல் அதேதான்.

என் லேப்டாப்பில் ஒரு பொம்மை மேட்டூர் ஓடுகிறது. மட்டம் திடீரென்று துள்ளினால் அது உடனே நம்பாது. பிலிகுண்டுலுவில் வரத்து கூடியதா, மலையில் மழையா என்று கேட்கும். இரண்டும் இல்லையென்றால் பழி காற்றின் மேல். நாள்கணக்கில் ஒரே பக்கமாகக் கணக்கு இடித்தால், அளவுமானியோ மதகோ பழுதாக இருக்கலாம் என்று கை தூக்கும். இப்படி நிஜ அமைப்போடு கூடவே ஓடும் கணினிப் பிரதிக்கு டிஜிட்டல் இரட்டை என்று பெரிய பெயர். என்னுடையது இன்னும் தவழ்கிற பிள்ளை.

கோயில் வாசலில் இறங்கியதும் சடசடவென்று மழை. கூட்டம் மண்டபத்துக்கு ஓடுகிறது. நான் நனைந்துகொண்டே லேப்டாப் பையை மட்டும் சட்டைக்குள் திணிக்கிறேன். இந்த மழை பிலிகுண்டுலு கணக்கில் வராதே!