கருவூலச் சம்பளமும் தலித் ஆசிரியரும்



கத்தோலிக்கப் பள்ளிகள் காணிக்கையால் மட்டும் வளர்ந்தவை அல்ல. 1854ஆம் ஆண்டு உட் கல்வி அறிக்கை மானிய முறைக்கு வழி திறந்தது. இன்று தமிழ்நாட்டின் உதவிபெறும் பள்ளிகளில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசுக் கருவூலமே சம்பளம் தருகிறது. சிறுபான்மைப் பள்ளி என்பதற்காக உதவியில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டப் பிரிவு 30(2). அந்த உரிமையை நாம் காப்போம்.

ஆனால் அங்கே நியமனம் நிர்வாகத்தின் கையில், இடஒதுக்கீடு கட்டாயமில்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிடுகிறார்கள். கல்வராயன் மலைப் பழங்குடிப் பட்டதாரிக்கும் இப்பள்ளிகளில் ஒதுக்கீடு கிடையாது.

திருச்சபைக்குள் சாதி இல்லை என்பாருக்கு நம் மாவட்டத்து எறையூரே பதில்: 2008இல் தனிப் பங்கு ஆலயம் கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டார்கள். உள்ளே தீண்டாமை இருப்பதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது.

மானியத்தை நிறுத்து என்பது நம் கோரிக்கை அல்ல. நிறுத்தினால் கட்டணம் வரும். முதலில் வெளியேறுவது நம் பிள்ளைகள். யாருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று கேட்போம். அரசு கணிசமாக நிதியளிக்கும் கல்வி நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பள்ளிவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக நியமனக் கணக்கு கேட்டு மனு எழுதுங்கள்.