ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி: உணவுக்குழாயில் ஒளிஞ்சிருக்கும் அலர்ஜி

[எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.]

இன்னிக்கு எபிசோடை ஒரு பரோட்டாக் கடையில இருந்து ஆரம்பிக்கலாம்.

சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ராத்திரி எட்டு மணி. வாரக் கடைசிக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஊருக்கு வந்த நாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்குவோம். மூணு பேர் சாப்பிட்டுக் கையும் கழுவியாச்சு. நாலாவது ஆள் இன்னும் முதல் பரோட்டாவுலயே இருக்கார். சின்னச் சின்னதாப் பிச்சு, சால்னாவுல ஊற வெச்சு, ரொம்ப நேரம் மென்னு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி குடிக்கறார். கேட்டா, "நான் எப்பவுமே மெதுவாத்தான் சாப்பிடுவேன்"ங்கறார்.

அது வெறும் பழக்கமா இருக்கலாம். ஆனா வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள நடக்கற ஒரு அலர்ஜிக்கு உடம்பு தானாப் பழகிக்கிட்ட வழியாவும் இருக்கலாம். அந்த நோயோட பேரு இயோசினோபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ். சுருக்கமா இ.ஓ.இ.

தெரிஞ்ச பேரு, தெரியாத இடம்

தும்மல், இளைப்பு வந்தா "இவனுக்கு ஈஸ்னோபீலியா"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தப் பேர்ல இருக்கற இயோசினோபில் ஒரு வகை வெள்ளையணு. இயோசின்ங்கற சிவப்புச் சாயம் இதுல நல்லாப் பிடிக்கும். அதனால 1879ல பால் எர்லிக் வெச்ச பேரு இது.

இந்த அணுவோட கதையில நம்ம பக்கத்துக்கும் ஒரு இடம் இருக்கு. 1940ல, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்துல ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன்னு ரெண்டு டாக்டருங்க ஒரு கட்டுரை எழுதினாங்க. பார்த்தா காசநோய் மாதிரி இருக்கு, ஆனா காசநோய் இல்ல. ரத்தத்துல இயோசினோபில் மட்டும் எகிறிக் கிடக்கு. யானைக்கால் புழுவுக்கு எதிரா உடம்பு காட்டற அதீத எதிர்ப்புதான் காரணம்னு பின்னாடி புரிஞ்சது.

புழுவோட சண்டை போடறது இந்த அணுவோட பழைய வேலை. குடல்ல கொஞ்சம் இருக்கறது சகஜம். ஆனா ஆரோக்கியமான உணவுக்குழாய்ச் சுவர்ல இதுக்கு வேலையே இல்ல. அங்கேயும் இது கூட்டமா வந்து உட்காருதுன்னு கவனிச்சு, தனி நோயாப் பிரிச்சுச் சொன்னது ரொம்பத் தாமதம். 1993ல ஸ்டீஃபன் அட்வுட் குழுவும், அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்துல அலெக்ஸ் ஸ்ட்ராவ்மன் குழுவும் எழுதினாங்க.

சுவருக்குள்ள என்ன நடக்குது?

உணவுக்குழாயோட உள்தோல் அடுக்கடுக்கான செல்களால ஆனது. பால், கோதுமை மாதிரி சாப்பாட்டுல இருக்கற ஒரு புரதத்தை உடம்பு எதிரின்னு தப்பா நினைச்சுக்குது. உள்தோல் செல்கள் அபாயச் சங்கு ஊதுது. அதைக் கேட்டு வர்ற டி-செல்கள் இன்டர்லூகின்-5, இன்டர்லூகின்-13னு ரெண்டு முக்கியமான சிக்னல் அனுப்புது. முதலாவது, இயோசினோபில்களை எலும்பு மஜ்ஜையில பெருக்கும். ரெண்டாவது, அதுங்களை உணவுக்குழாய்க்கே வரவழைக்கும். அதோட உள்தோல் செல்களுக்கு நடுவுல இருக்கற பிடிப்பையும் தளர்த்திடும். பிடிப்பு தளர்ந்தா புரதம் இன்னும் உள்ள போகும். சங்கு இன்னும் சத்தமா ஊதும்.

வந்த அணுக்கள் புழுவைக் கொல்ல வெச்சிருக்கற நச்சுப் புரதங்களை நம்ம தோல் மேலயே கொட்டுது. புண்ணை ஆத்தற முயற்சியில அடியில நார்த்திசு சேருது. வாய்க்கால் கரை உடையற எடத்துல ஒவ்வொரு தடவையும் உள்பக்கமா மண்ணைக் கொட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? வாய்க்கால் குறுகிடும். அதேதான் இங்கயும். சிகிச்சை தள்ளிப்போற ஒவ்வொரு வருஷமும் குழாய் இறுகற வாய்ப்பைக் கூட்டும்.

ஏன் கண்ணுல படறதில்ல?

முதல் காரணம், அந்த நாலாவது ஆள்தான். கறியைத் தவிர்ப்பார், தண்ணியால தள்ளுவார், விருந்துன்னா கடைசிப் பந்தியில உட்காருவார். தனக்கு வியாதின்னே தோணாது.

ரெண்டாவது, நெஞ்செரிச்சல்னா "கேஸ் ட்ரபிள்"னு ஒரு மாத்திரையோட முடிச்சுக்கறோம். இதுல ஒரு குழப்பம் என்னன்னா, அதே அமிலக் குறைப்பு மாத்திரை இ.ஓ.இ. இருக்கற சிலருக்கும் நல்லாவே கேட்கும்.

மூணாவது, ரத்தத்துல இயோசினோபில் கவுண்ட் சரியா இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். எண்டோஸ்கோப்பியில வளையங்கள், நீளக் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். சிலருக்குப் பார்வைக்கு எல்லாம் சாதாரணமா இருக்கும். அதனால உணவுக்குழாய்ல பல இடத்துல துளித் துளியா சதை எடுத்து பயாப்ஸி பண்ணணும். மைக்ராஸ்கோப்புல ஒரு பார்வை வட்டத்துக்குள்ள 15 இயோசினோபில் அல்லது அதுக்கு மேல இருக்கா, வேற காரணம் ஏதும் இருக்கான்னு பார்த்துதான் முடிவு சொல்லுவாங்க. இந்தியாவுல இது குறைவாத்தான் பதிவாகியிருக்கு. அதனாலேயே டாக்டர்கிட்ட, "சாப்பாடு அடிக்கடி சிக்குதுங்க, பயாப்ஸி தேவைப்படுமா?"ன்னு நாமளே கேட்டுடறது நல்லது.

என்ன பண்ணலாம்?

சாப்பாடுதான் காரணம்னு நிரூபிச்சது 1995ல வந்த ஒரு சின்ன ஆய்வு. ரிஃப்ளக்ஸ் சிகிச்சைக்குச் சரியாகாத பத்துக் குழந்தைகளுக்கு, புரதமே இல்லாம அமினோ அமிலங்களால செஞ்ச பால்மாவு மட்டும் கொடுத்தாங்க. எட்டுப் பேருக்கு முழுசா சரியாச்சு, ரெண்டு பேருக்குக் குறைஞ்சது.

இன்னிக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு மருந்து: அமிலக் குறைப்பு மாத்திரை, இல்லைன்னா உணவுக்குழாய் மேல படியற மாதிரி முழுங்கற ஸ்டீராய்டு. 2022ல அமெரிக்கா டுபிலுமாப் ஊசியையும் அனுமதிச்சது. ரெண்டு, உணவு: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் வகைகள்ல சிலதை நிறுத்தி, மறுபடி ஒவ்வொண்ணாச் சேர்த்துப் பார்க்கறது. மூணு, குறுகின குழாயை எண்டோஸ்கோப்பி மூலமா விரிக்கறது. தோல்ல குத்திப் பார்க்கற அலர்ஜி டெஸ்ட் இதுக்குக் காரணமான உணவை நம்பகமாக் காட்டாது. நீங்களா பால், தயிர், முட்டையெல்லாம் ஒரேயடியா நிறுத்திடாதீங்க. டாக்டர், டயட்டீஷியன் துணையோட செய்யுங்க.

ஒண்ணு மட்டும் அவசரம். சாப்பாடு சிக்கி, எச்சில்கூட முழுங்க முடியலைன்னா சோத்து உருண்டையோ வாழைப்பழமோ வெச்சுத் தள்ளப் பார்க்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அடுத்த தடவை கூட்டத்துல ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் மென்னுக்கிட்டு இருந்தா, கேலி பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்குதுங்களா?"