முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளில்லாத வீட்டைவிட நல்ல இல்லம் எவ்வளவோ மேல். பாவம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிக் காரில் ஏற்றி இல்லத்து வாசலில் இறக்குவதும், அதற்கு முன்பே வீட்டை எழுதி வாங்கிக்கொள்வதும்தான் பாவம்.

பெரியவர்களே, செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவசரம் வேண்டாம். அதற்குப் பதில் உயில் எழுதினால், அது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அதை மீறினால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழி கையில் இருந்த மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொத்தைத் திருப்பித் தந்தது. அப்படி எந்த நிபந்தனையையும் காட்ட முடியாத இன்னொரு தாய், 2022-இல் அதே நீதிமன்றத்தில் தோற்றார்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். பகலில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் இருட்டியபின் ஒருமுறை போய்ப் பாருங்கள். ராத்திரிப் பணிக்கு எத்தனை பேர், கழிவறையில் பிடிமானக் கம்பி உண்டா, மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும், உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, செல்போன் மூன்றும் பெரியவரிடமே இருக்கட்டும். செல்போனைப் பிடுங்கி வைக்கும் இல்லத்தில் எதையும் நம்ப முடியாது.

சேர்த்துவிட்டுப் பணம் கட்டாமல் ஒதுங்கும் பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் சொல்லும் ஒருவர் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறச் சட்டம் வழி செய்கிறது. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் வாரிசாக அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். பெரியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுவிட்டு வருவது குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதியோர் உதவி எண் 14567. கட்டணம் கிடையாது. பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.