மயிர்க்கலம்

மயிர்க்கலம் என்பது உட்செவியில் அமைந்து, ஒலியால் உண்டாகும் அசைவை மின் மாற்றமாகவும், அதன் வழியாக நரம்புக் குறிப்பாகவும் ஆக்கும் புலன் உயிரணு ஆகும். உச்சியில் மயிர் போன்ற நுண்ணிய நீட்சிகள் இருப்பதால் இப்பெயர் பெற்றது. தோலில் வளரும் மயிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மனிதரின் ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்களும் 12,000 வெளி மயிர்க்கலங்களும் உள்ளன. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் பல கோடி என்பதை நோக்க, இது மிகச் சிறிய தொகையே.

ஒலி வந்தடையும் வழி

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. காற்றிலிருந்து நேரடியாக நீர்மத்தில் படும் ஒலியின் பெரும்பகுதி திருப்பி எறியப்பட்டுவிடும். அகன்ற செவிப்பறையில் விழும் விசை அங்கவடியின் சிறிய அடிப்பரப்பில் குவிவதால் அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்காகிறது.

அடுத்துள்ள நத்தைச்சுருள் இரண்டரைச் சுற்றுக்கு மேற்பட்ட, நீர்மம் நிறைந்த குழாய். அதனுள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடிப்படலம் ஓடுகிறது. இப்படலம் தொடக்கத்தில் குறுகி விறைப்பாகவும், நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கும். ஆகவே கீச்சொலிகள் தொடக்கப் பகுதியையும் தாழ்ந்த ஒலிகள் நுனியையும் மிகுதியாக அசைக்கின்றன. படலத்தில் அலை நகர்வதைக் கண்டறிந்தமைக்காக கியார்க் பான் பெக்கேசி 1961ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

அசைவு மின்னாக மாறுதல்

மயிர்க்கலத்தின் நீட்சிகள் படிக்கட்டுப் போல உயர வரிசையில் நிற்கின்றன. குட்டையான நீட்சியின் நுனியை அடுத்த நெட்டையான நீட்சியின் பக்கத்தோடு ஒரு மெல்லிய புரத இழை இணைக்கிறது. 1984இல் விவரிக்கப்பட்ட இவ்விழையே முழுச் செயற்பாட்டின் மையம் எனலாம். நீட்சிகள் நெட்டையான பக்கம் சாயும்போது இழை இறுகி, அயனிக் கால்வாயைத் திறக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கால்வாய் மூடுகிறது. இடையில் வேதிவினை எதுவும் இல்லாததால் இது சில பத்து மைக்ரோநொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. மிக மெல்லிய ஒலிக்குத் தேவையான அசைவு ஒரு நானோமீட்டர் அளவையும் எட்டுவதில்லை.

திறந்த கால்வாய் வழியே பெரும்பாலும் பொட்டாசியம் அயனிகள் உட்புகுகின்றன. இது வியப்புக்குரியது. பொதுவாக உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுமேயன்றி உட்புகாது. ஆனால் நீட்சிகளைச் சூழ்ந்த நீர்மத்தில் பொட்டாசியம் செறிந்திருப்பதோடு, அது ஏறத்தாழ 80 மில்லிவோல்ட்டு நேர் மின்னழுத்தத்திலும் உள்ளது. கலத்தின் உட்புறமோ சுமார் 50 மில்லிவோல்ட்டு எதிர் மின்னழுத்தத்தில் உள்ளது. இவ்வேறுபாடே அயனிகளை உள்ளே தள்ளுகிறது. இந்த 'மின்கலத்தை' நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் உள்ள வேறு திசு பேணுகிறது. மயிர்க்கலம் அதற்கெனத் தன் ஆற்றலைச் செலவிட வேண்டியதில்லை.

உட்புற மின்னழுத்தம் மாறியதும் கலத்தின் அடிப்பகுதியில் கால்சியம் அயனிகள் நுழைகின்றன. அதனால் குளூட்டமேட்டு வெளியாகி, அங்கே காத்திருக்கும் நரம்பிழையைத் தூண்டுகிறது. செவி நரம்பின் சுமார் 30,000 இழைகளில் மிகப் பெரும்பாலானவை உள் மயிர்க்கலங்களிலிருந்தே செய்தி பெறுகின்றன.

அப்படியானால் வெளி மயிர்க்கலங்கள் எதற்கு? அவை மின்னழுத்தத்திற்கேற்பக் குறுகியும் நீண்டும் படலத்தின் அசைவைப் பெருக்குகின்றன. இதற்குக் காரணமான பிரெசுடின் என்னும் புரதம் 2000ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. இவ்வியக்கத்தால் செவி தானே மெல்லிய ஒலியை வெளிவிடுகிறது (1978இல் டேவிட் கெம்ப் பதிவு செய்தார்). பச்சிளங் குழந்தைகளின் கேட்டலைச் சோதிக்க இவ்வொலி பயன்படுகிறது.

இழப்பு

மனிதரில் அழிந்த மயிர்க்கலம் மீண்டும் தோன்றுவதில்லை. பேரிரைச்சல், முதுமை, ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகள் ஆகியன இவற்றை அழிக்கின்றன. பொதுவாக வெளி மயிர்க்கலங்களே, அதிலும் கீச்சொலிக்குரியவையே, முதலில் பலியாகின்றன. அதனால் பாதிக்கப்பட்டவர் பேச்சுக் குரலைக் கேட்பார். சொற்களைப் பிரித்தறியத் தடுமாறுவார். கோழி முதலிய பறவைகளில் இக்கலங்கள் மீள வளர்வது 1980களின் இறுதியில் அறியப்பட்டது. பாலூட்டிகளில் அத்திறன் ஏன் அற்றுப்போயிற்று என்பது தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

மயிர்க்கலங்கள் அழிந்தோருக்குப் பொருத்தப்படும் செயற்கை உட்செவிக் கருவி, அவற்றைத் தவிர்த்து நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. கலங்கள் இருந்தும் குளூட்டமேட்டை வெளியிடத் தேவையான ஓட்டோஃபெர்லின் புரதமின்றிப் பிறவியிலேயே கேளாதிருந்த சில குழந்தைகள், மரபணு மருத்துவத்தால் ஒலியைக் கேட்கத் தொடங்கியதாக 2024இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின.