ஆட்டமும் கைவண்ணமும் – 14: ஐம்பத்தைந்து மீன்கள்

சென்ற வாரம் பரமபத சோபன படத்தின் பாம்புகளைப் பார்த்தோம். இந்த வாரம் நீரில் வாழும் உயிர்கள்.

மேசை ஆட்டங்களுக்கான குட்டி உருவங்களை வாங்கி, தாங்களே வண்ணம் தீட்டி ஆடுவது இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் கலை. 1975-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் விற்கும் பிளாஸ்டிக் உருவங்கள் பெரும்பாலும் வண்ணமில்லாமல்தான் வரும். கடல் பூதம் ஒன்றைத் தீட்டுகிறவர் முதலில் பிரைமர் அடிப்பார். அதன்மேல் அடர்பச்சை. பிறகு நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் அது செதில் இடுக்குகளில் தங்கி நிழலாகிவிடும். முக்கால்வாசி உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளை மட்டும் உரசுவார். கடைசியில் பளபளக்கும் வார்னிஷ். அது ஏறியதும் உருவம் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்ததுபோல் ஈரம் காட்டும்.

ஆட்டத்துக்காக நீர்வாழ் உயிரைச் சிறிதாகத் தீட்டும் இந்த வேலைக்கு நம் நாட்டில் மூத்த வடிவம் ஒன்று உண்டு. அதுதான் தசாவதார கஞ்சிஃபா.

கஞ்சிஃபா பாரசீகத்திலிருந்து வந்த சீட்டாட்டம். 1527-இல் சிந்துவை ஆண்ட ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா அனுப்பிவைத்ததைப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் காலத்துச் சீட்டுகளை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் விவரிக்கிறார். முகலாயர் ஆடிய கட்டில் எட்டு வகை, 96 சீட்டு. அதே ஆட்டம் திருமாலின் பத்து அவதாரங்களைத் தாங்கியபோது பத்து வகையாயிற்று. வகைக்கு ஓர் அரசர், ஒரு மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள் என்று மொத்தம் 120. மகாராஷ்டிரத்தில் சாவந்த்வாடி, வங்காளத்தில் பிஷ்ணுபூர், ஒடிசாவில் ரகுராஜ்பூர் ஆகிய ஊர்கள் இந்தச் சீட்டுக்குப் பேர்பெற்றவை. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 360 சீட்டு வரை கொண்ட புதிய ஆட்டங்களையே வகுத்தார்.

சீட்டு செய்வதிலேயே பாதி உழைப்பு போய்விடும். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். அதன்மேல் சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டுவார்கள். வண்ணம் அதன் பிறகுதான். ஒடிசாவில் வெள்ளை நிறம் சங்கிலிருந்து வருகிறது; சங்கை அரைத்து, காய்ச்சிப் பதப்படுத்துகிறார்கள். ஜாதிலிங்கம் சிவப்பு தரும், அரிதாரம் மஞ்சள் தரும், விளக்குப் புகை கறுப்பு தரும். கடைசியில் அரக்குப் பூச்சு. நூற்றுக்கணக்கான தடவை கைமாறினாலும் சீட்டு நைந்துபோகாமல் காப்பது அதுதான்.

இனி, மீன் அவதாரமான மச்சமும் ஆமை அவதாரமான கூர்மமும். அரசர் சீட்டில் மீனிலிருந்து எழும் திருமாலை விரிவாக வரைய இடமுண்டு. எண் சீட்டில் அது கிடையாது. பழைய கட்டுகளில் எண் எழுதுவதும் இல்லை. ஒன்றாம் சீட்டில் ஒரு மீன், பத்தாம் சீட்டில் பத்து மீன். ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55. ஆக ஒரு கட்டுக்கு 55 மீன், கூர்மத்துக்கு அதேபோல் 55 ஆமை. அத்தனையும் அச்சு இல்லாமல், கையாலேயே, ஒன்றுபோல் இருக்கும்படி வரைய வேண்டும்.

ஒன்றுபோல் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. மூவர் ஆடினால் ஆளுக்கு 40 சீட்டு. அத்தனையையும் கையில் விரித்துப் பிடித்திருக்கிறவர் நொடியில் மீனா ஆமையா, ஒன்பதா பத்தா என்று கண்டுகொள்ள வேண்டும். பாதி வகைகளில் பத்து பெரியது, மீதிப் பாதியில் ஒன்று பெரியது. வகையைத் தவறாகப் பார்த்தால் சீட்டின் மதிப்பே தலைகீழாகிவிடும். பகலில் இராமர், இரவில் கிருஷ்ணர் முதலில் இறங்கும் வழக்கமும் இருந்தது. அப்படியென்றால் இரவில் விளக்கொளியிலும் ஆடினார்கள். அந்த வெளிச்சத்திலும் வகையை அடையாளம் காண வகைக்கொரு பின்னணி நிறம் உதவும். மீனுக்கு நீண்ட உடலும் பிளந்த வாலும், ஆமைக்கு உருண்ட ஓடும் வெளியே நீண்ட நாலு காலும் போதும். செதிலை எண்ணி வரைவது அதற்கப்புறம். ஆடுகிறவர் கண்ணுக்கு முதலில் பிடிபட வேண்டும் என்பது கஞ்சிஃபா சித்திரக்காரரின் இலக்கணம். பிளாஸ்டிக் பூதத்துக்குப் பச்சை பூசுகிறவருக்கும் அதே இலக்கணம்தான்.

அச்சடித்த 52 சீட்டு மலிவாகக் கிடைத்ததும் கஞ்சிஃபா ஆடுவோர் குறைந்தனர். ஆடுவோர் குறைந்ததும் வரைவோரும் குறைந்தனர். சாவந்த்வாடியில் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராம் போன்ஸ்லேயும் அவர் மனைவி சத்வஷீலா தேவியும் முதிய சித்திரக்காரர் ஒருவரிடம் கற்று, அரண்மனையிலேயே பட்டறை வைத்து இந்தக் கலையைக் காப்பாற்றினர். ஆனாலும் இன்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவே வாங்குகிறார்கள். அது சித்திரக்காரருக்குச் சோறு போடும், ஆட்டத்தை உயிர்ப்பிக்காது. ஆடப்படாத சீட்டு பாதிச் சீட்டுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பாலக்காடு, இடுக்கி எல்லை ஊர்களில் இருக்கும் வாசகர்கள் இந்த மரபைத் தங்கள் தண்ணீரிலிருந்தே தொடரலாம். இடுக்கி எல்லையை ஒட்டிய முண்டக்கயத்தில் கிடைத்த மீன் ஒன்றை மீனியலாளர் பிரான்சிஸ் டே 1865-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று உலகெங்கும் மீன்தொட்டிப் பிரியர்கள் மிஸ் கேரளா என்று அழைப்பது அதைத்தான். வெள்ளி உடல், நெடுகக் கறுப்புக் கோடு, அதற்குமேல் மூக்கிலிருந்து பாதி உடல்வரை சிவப்புக் கோடு. மூன்றே வண்ணத்தில் முடிந்துவிடும். தள்ளி நின்றாலும் சட்டென்று கண்ணில் படும். அழிவின் விளிம்பை நெருங்கும் இனம் அது.

இன்னொன்று, 2003-இல் இடுக்கியிலிருந்து உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை. மழையை ஒட்டிச் சில நாள் மட்டுமே மண்ணுக்கு மேலே வரும். அதன் தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு ஓடை வெள்ளத்தைத் தாங்கி வளர்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கிலும் வடக்கிலும் அது வாழ்கிறது. கருநீல ஊதா, உருண்ட உடல், வெளிறிய கூர்மூக்கு. ஆமையைப் போலவே வட்டச் சீட்டுக்கு ஏற்ற வடிவம்.

விடுமுறை வருகிறது. கெட்டி அட்டையை வட்டமாக வெட்டுங்கள். உங்கள் ஆற்றின் பத்து உயிர்களைப் பத்து வகையாக்கி, குழந்தைகளோடு உட்கார்ந்து தீட்டுங்கள். மேலே ஒரு கை வார்னிஷ் அடியுங்கள். காய்ந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கலைத்துப் போட்டு ஆடுங்கள்.

(தொடரும்)